பேரம் பேசாமல் எடுத்த வேட்டி

அருப்புக்கோட்டை பஜாரில் துணிக்கடைக்காரர்கள் எடுத்த எடுப்பில் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். முதலில் செருப்பு. அப்புறம் கையில் இருக்கும் பை. அதற்குப் பிறகு கழுத்து. முகத்துக்கு வந்து சேர்வதற்குள் நமக்கு எந்தத் தட்டிலிருந்து துணி எடுத்துப் போடுவது என்று முடிவு செய்திருப்பார்கள். நான் திருச்சுழி ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர். எங்கள் ஊர்க் கரிசலுக்கும் கருவேல முள்ளுக்கும் நல்ல செருப்பு தாக்குப்பிடிக்காது. ரப்பர்ச் செருப்புதான் போடுவேன். அதனால் பட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாலே, "அதெல்லாம் வெல கூடம்மா, காட்டன் அந்தப் பக்கம் இருக்கு" என்று கையைக் காட்டுவார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறும். காட்டன் எடுக்கத்தான் போயிருப்பேன். ஆனாலும் விடமாட்டேன். அந்த விலை கூடின சேலையையே எடுத்து விரிக்கச் சொல்வேன். முந்தியைப் பார்ப்பேன், உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். எல்லாம் பார்த்துவிட்டு, "காட்டன் எங்க இருக்குன்னீங்க?" என்று கேட்பேன். அதை எடுத்த பிறகு பேரம். என் பேரம் லேசில் முடியாது. பக்கத்தில் துணி எடுக்கும் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "டீச்சர் வேல பாத்துக்கிட்டு இப்டிப் பிசுக்குப் பிடிக்காகளே" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொல்லட்டும். மாதச் சம்பளம் வாங்குகிறவளிடம் கேட்ட விலைக்கு விற்றுவிடலாம் என்று கடைக்காரர் நினைப்பதும், கேட்ட விலையைக் கொடுக்காவிட்டால் கஞ்சம் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பதும் எனக்குப் பழகிப்போனவைதான்.

பழகாத ஒன்று ஓர் ஆவணி மாதத்தில் நடந்தது.

என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மல்லி, வத்தல், பருத்தி என்று எது கிடைத்தாலும் லோடு அடிப்பார். அன்றைக்கு வீரசோழனில் லோடு இறக்கிவிட்டு வந்தவர், வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். அருப்புக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கண் திறக்கவில்லை, பேச்சு இல்லை. சில நாள் தாண்டினால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. எனக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவருடைய தம்பி திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போய்விட்டால் எனக்கு யாருமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நர்ஸ் வந்து, முதுகில் புண் வந்துவிடாமல் அடியில் போட மெல்லிசான வேட்டி வேண்டும் என்றாள். "வெள்ளையா வாங்கிட்டு வாங்க. ஏதாவது கசிஞ்சா எங்களுக்குத் தெரியணும்." முகம் துடைக்கப் பஞ்சும் பன்னீரும் வாங்கி வரச் சொன்னாள். ஊருக்குப் போய் வீட்டு வேட்டியை எடுத்துவரலாம் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். அடுத்த கட்டிலில் கணவரை வைத்திருந்த, வீரசோழன் ஊர்க்கார அம்மா, "நீங்க போயிட்டு வாங்க டீச்சர். ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன்" என்றார். அவருடைய மகன் சவூதியில் இருந்தான். அவரும் தனியாள்தான்.

முதலில் நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பஞ்சு, பன்னீர். ஆஸ்பத்திரி முக்கிலிருக்கும் பிள்ளையாருக்கு விடலை போட ஒரு தேங்காய், கொஞ்சம் சூடம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். கடைசியில் ஒரு கட்டு ஊதுபத்தியையும் பைக்குள் வைத்து, "இதுவும் வேணும்லம்மா" என்றார். நான் கேட்கவில்லை. வேறொரு நாளாக இருந்தால், கேட்காத சாமானை ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள் என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்குத் தெம்பில்லை. வாங்கிக்கொண்டு நடந்தேன்.

துணிக்கடையில் முகூர்த்தக் கூட்டம். நான் எப்போதும் போகும் கடைதான். பாளையம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்து, பட்டுச் சேலைகளை மலைபோல் குவித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் நடுவில் இருந்தார்கள். நான் ஓரமாகப் போய் நின்றேன். சேலைப் பிரிவில் நின்ற விற்பனைப் பெண் என்னைப் பார்த்தாள். என் பையைப் பார்த்தாள். உடனே அங்கிருந்து வந்துவிட்டாள்.

"என்னக்கா வேணும்?"

"வெள்ள வேட்டி. மெல்லிசா இருக்கணும். கர இல்லாட்டியும் பரவாயில்ல."

"யாருக்குக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

அவள் கண் என் நெற்றிக்குப் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்ததில் ஒட்டுப்பொட்டு எங்கோ விழுந்திருந்தது. அப்புறம் கழுத்துக்குப் போனது. வார்டில் திருட்டுப் பயம் என்று யாரோ சொன்னதால் தாலியை உள்ளே தள்ளி, சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தேன்.

"கூட யாரும் வரலையாக்கா?"

"யாரு இருக்கா வர்றதுக்கு? நான் ஒருத்திதான்."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தாள். இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும், "அவுகளுக்கு மொதல்ல குடுங்க" என்று விலகிக்கொண்டார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா மட்டும், "நீ இங்கிட்டு வா" என்று மகளைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடத்தில் இந்தக் கடையில் முதல் முறையாக ஒருவர்கூட என் செருப்பைப் பார்க்கவில்லையே என்றுதான் நினைத்தேன். என் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிற கஷ்டத்தைப் படித்துவிட்டார்கள் என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

வேட்டிகளை விரித்துக் காட்டவில்லை. மடிப்புக் கலையாமல் ரெண்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டினார்கள். கடைப் பையில் போடவில்லை. சொன்ன பணத்தைக் கொடுத்தேன். கல்லாவில் இருந்த முதலாளி தலையைக் குனிந்தபடியே வாங்கிப் போட்டுக்கொண்டார். நான் எழுந்து பொட்டலத்தைக் கையில் எடுக்கும்போது விற்பனைப் பெண் என் தோளைத் தொட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"எப்பக்கா எடுக்காக?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். பிணத்தை எப்போது எடுக்கிறார்கள்?

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததென்று தெரியவில்லை. "யாரடி எடுக்கப் போறாக? எம் புருஷன் ஆஸ்பத்திரியில உசுரோட இருக்காரு! மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு! இந்தா பாரு!" என்று கத்தி, சேலையை விலக்கித் தாலியை வெளியே இழுத்துக் காட்டினேன். மேல்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

முதலாளி கல்லாவை விட்டு இறங்கி ஓடிவந்தார். "தப்பாப் போச்சு டீச்சர், மன்னிச்சிருங்க. கையில சூடம், பன்னீரு, ஊதுபத்தி. கேக்கிறது வெள்ளத் துணி. கூட ஆளும் வரல. அதெல்லாம்கூட விடுங்க. நீங்க வெலயே கேக்கலியே டீச்சர்! வெல கேக்காம நீங்க ஒரு கர்ச்சீப்பாவது எடுத்ததுண்டா? அதான், நானும் நெசம்னு நெனச்சிட்டேன்."

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. சாவுக்கு எடுக்கும் துணியை எங்கள் ஊரில் விரித்துப் பார்ப்பதில்லை. கடைப் பையில் போட்டுக் கொடுப்பதில்லை. பேரமும் பேசுவதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துவருகிற வழக்கம்தான். ஆனாலும் எனக்கு நடந்தபோது தெரியவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் ஊதுபத்தி வைத்ததும் அதற்குத்தான். பஜார் முழுக்க என் வீட்டுக்காரரைக் கொன்றுவிட்டு, எனக்காகப் பாவப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்து, அதுவரை அழாத அழுகையை அங்கே அழுதேன். விற்பனைப் பெண் என் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, என் வாயில புத்து வைக்க" என்று தன் வாயையே சபித்துக்கொண்டு தானும் அழுதாள்.

அப்போது ஒரு கை என் மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா. சற்று முன்னால் மகளை என் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டவர். நூலை அறுத்தார். செய்தித்தாளைக் கசக்கிக் கீழே போட்டார். வேட்டிகளை உதறி விரித்து, முகூர்த்தப் பட்டுக்கென்று தட்டில் வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு ரெண்டிலும் மூலைக்கு மூலை வைத்தார்.

"எம் மக பட்டுக்கு வச்ச மஞ்சதான் இது. ஒண்ணும் ஆகாது. அவுக எந்திரிச்சு நடப்பாக, பாருங்க" என்றார். திரும்பி மகளைப் பார்த்து, "அந்தப் பூவக் குடுடி" என்றார். அந்தப் பெண் தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பாதியாகக் கிள்ளி, அவளே என் தலையில் வைத்துவிட்டாள். தங்கள் வீட்டு நல்ல காரியத்தில் எங்கே என் கெட்ட காலம் ஒட்டிவிடுமோ என்று பயந்தவர்கள், அந்த நல்லதில் ஒரு பங்கை எடுத்து எனக்குக் கொடுத்தார்கள்.

முதலாளிக்கு அது போதவில்லை. நான் கொடுத்த பணத்தை எடுத்துவந்து என் கையில் திணித்தார். "மொதல்லருந்து வருவோம் டீச்சர். வெலயக் கேளுங்க."

"வேணாம் அண்ணாச்சி. இருக்கட்டும்."

"இருக்கட்டும்னு சொல்லக் கூடாது. நல்ல துணின்னா பேரம் பேசித்தான் எடுக்கணும். கேளுங்க."

பஜாரே பயப்படுகிற என் நாக்குக்கு அன்றைக்கு ஒரு விலை சொல்லத் தெரியவில்லை. கடையில் இருந்த எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள். கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாதிக்குத் தருவீங்களா?" என்றேன்.

அவர் உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மனிதருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டது அதற்காகத்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கட்டுபடியாகாது டீச்சர்! நான் கடையப் பூட்டிட்டுப் போகவா?" என்று எப்போதும் கத்துகிற மாதிரியே கத்தினார்.

"இந்த ரகத்துக்கு இவ்வளவு வெலயா? போன தடவ இதவிட நல்லாக் குடுத்தீங்க."

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நூலு என்ன வெள்ளியா?"

கல்யாண வீட்டுக்காரப் பெண்கள் சிரித்தார்கள். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். ஏறி இறங்கி ஒரு விலைக்கு வந்து சேர்ந்தோம். இந்த முறை அவர் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேட்டியைக் கடைப் பையில் போட்டு ரெண்டு கையாலும் கொடுத்தார். ஊதுபத்திக் கட்டை என்னிடமிருந்து வாங்கி, கடைச் சாமிப் படத்துக்கு முன்னால் கொளுத்தி வைத்தார்.

ஆஸ்பத்திரியில் வேட்டிகளைக் கிழித்து நாலாக மடித்து அவர் அடியில் போட்டோம். நடந்ததைக் கேட்ட வீரசோழன் அம்மா, "அல்லா காப்பாத்துவான், கவலப்படாதீங்க" என்றார். மஞ்சள் வைத்ததால் பிழைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். மருந்தும் மாத்திரையும் ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட நர்ஸ்களும்தான் காப்பாற்றினார்கள். ஆனால் அவர் கண் திறக்கும்வரை என்னைத் தாங்கிப் பிடித்தது அந்தக் கடையில் இருந்தவர்கள்தான். அவர் எழுந்து நடப்பார் என்று அதுவரை என்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை.

நடந்தார். வலது கால் இன்னும் இழுக்கிறது, பேச்சு கொஞ்சம் குழறுகிறது, வண்டி ஓட்ட முடியாது. தைப் பொங்கலுக்குக் கைலி எடுக்கலாம் என்று அவரைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அங்கே நடந்த எதையும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. செத்துப்போனதாகப் பேசப்பட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது?

உள்ளே நுழைந்ததும் விற்பனைப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். என் பக்கத்தில் கம்பை ஊன்றி நிற்பவரைப் பார்த்தாள். "அக்கா, அண்ணனா?" என்று ஓடிவந்து, அவருடைய வலது கையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேல்மாடியிலிருந்து ரெண்டு பேர் இறங்கி வந்தார்கள். தையல் பிரிவிலிருந்து ஒருத்தர் வந்தார். முதலாளி டீக்கு ஆள் அனுப்பிவிட்டு, நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டார். எல்லாரும் சுற்றி நின்று அவரையே பார்த்தார்கள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன, எல்லாரும் இப்டிப் பாக்காக?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் தேடுவதற்குள் விற்பனைப் பெண் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லண்ணே. அன்னைக்கு அக்கா ஒங்களுக்கு இங்கதான் வேட்டி எடுத்தாக. அதான்."

அவர் யோசித்துப் பார்த்தார். "எனக்கு வேட்டியா?" என்றார். "நான் அதக் கட்டவே இல்லையே."

"கட்ட வேணாம்ணே, கட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் அவர் கையை விடாமலே அழ ஆரம்பித்தாள்.