கினிப்பன்றியின் சடை

அன்று ரத்தோட்டைத் தோட்டத்துப் பங்களாக் குசினியில் அம்மா, சமையல்கார அப்பு, நான், துரைசானியின் நீளமயிர்க் கினிப்பன்றி என்று நாலு உயிர்கள் இருந்தோம். அப்படித்தான் நினைத்திருந்தேன். இன்று மகளுக்குச் சிக்கெடுக்கும்போது தேங்காயெண்ணெய் வாசம் அந்தக் குசினியைக் கொண்டுவந்துவிட்டது.

அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு, அந்தக் கினிப்பன்றிக்கு மயிர் வாருவதுதான் வேலை. வயிற்றோரம் சடை பிடித்திருந்தது. நம் தலைக்கு வைப்பதுபோல எண்ணெய் வைத்தேன். சடை இன்னும் இறுகியது.

"ஏன் புள்ள, பொரிக்கவா போற?" என்றார் அப்பு.

அம்மா கத்தரியை நீட்டினாள். "தொரைசானி வர்றதுக்குள்ள வெட்டிரு. தோல்ல பட்டுச்சு, நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும்."

தோலுக்கும் சடைக்கும் நடுவே சீப்பை நுழைத்து, அதற்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். சடை அடையாகக் கழன்று விழுந்தது. அடியில் வெற்றிலையைவிட மெல்லிய தோல். கீறிவிட்டேனோ என்று தடவினேன். உள்ளிருந்து ஏதோ விரலை உதைத்தது.

"அம்மா, உள்ள குட்டி!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அப்பு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வந்து சேர்ந்த துரைசானியும் கரித்தரையில் முழந்தாளிட்டு அதன் வயிற்றில் விரல் வைத்தார்.

"மெதுவாம்மா, வலிக்குது" என்கிறாள் மகள். அவளுக்கு இது ஏழாம் மாதம். அறையில் நாங்கள் மூன்று பேர்.