வாரிய கண்மாய்க்கு வந்தவர்

பிள்ளைகளா, அப்பா பத்தாவது வரைதான் படித்தவன். புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

போன கோடையில் அரிமளத்துப் பக்கம் நம் ஊர்க் கண்மாய்க்கு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். வெயிலில் கறுத்த ஒல்லி முகம், தோளில் நீளமான இரும்புக் குழாய். நின்ற இடத்திலெல்லாம் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பார். மணலா, வண்டலா என்று பல் சொல்லிவிடுமாம்.

வண்டலுக்குள் கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூளும் பாசியின் மேலோடும் அடுக்கடுக்காகப் புதைந்திருக்குமாம். குழாயை இறக்கி அடுக்குக் கலையாமல் அதை எடுத்து, முற்காலத்தில் இங்கே என்ன மரம் நின்றது, எப்போது மழை பொய்த்தது என்று கண்டுபிடிப்பார்களாம்.

நான் பெருமையாகச் சொன்னேன்: "நல்ல நேரத்துல வந்தீங்க. இப்பத்தான் ஆளுயரத்துக்கு வண்டலை வாரி, கம்மாயைச் சுத்தமா வச்சிருக்கோம்."

மண்ணைத் துப்பினார். "அம்புட்டும் எங்கண்ணே?"

"வயலுக்கு அடிச்சு உழுதாச்சுங்க. வேணும்னா என் வயல்லயே அள்ளிக்கங்க."

"கலந்துட்டா ஆகாதுண்ணே. சுத்துப்பட்டுல வாராத கம்மா இது ஒண்ணுதான்னு நம்பி வந்தேன்."

"அடுத்த மழையில வண்டல் வந்துரும்மா."

"அது அடுத்த மழையோட கதைண்ணே" என்று சிரித்தார். அழுதிருந்தால்கூடத் தேவலை.

விளைச்சலுக்கு நல்லது என்றுதான் வாரினோம். எத்தனை நூறு வருடத்து மழையை உழுது போட்டோம் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அவர் போனபின் தனியாகக் கண்மாய்க்குள் இறங்கினேன். கருவை மரத்தடியில் பொக்லைன் எட்டாத ஒரு திட்டு மிஞ்சியிருந்தது. அதையும் வேர் புகுந்து கலைத்திருந்தது. ஆனாலும் முள் வெட்டி, அதைச் சுற்றி வேலி அடைத்துவிட்டு வந்தேன்.