பேட்டி அறையும் ஒரு ஜோடிக் காதும்

போன வருஷம் ஆடி மாதம். ஒரகடத்தில், கார் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற சின்ன மோட்டார் செய்யும் தொழிற்சாலை. அட்மின் பிரிவில் சேர்ந்து எனக்கு ஆறாவது மாதம். வேலை நிரந்தரமாகுமா, பெட்டியைக் கட்டிக்கொண்டு சாத்தூருக்கே திரும்பணுமா என்று தெரியப்போகிற நேரம். அப்போது பார்த்துத்தான் ஒரு டி.வி. சேனலில் இருந்து பேட்டி எடுக்க வருவதாகச் சொன்னார்கள். எங்கள் பிளான்ட் ஹெட் பேச வேண்டும், லைனில் வேலை செய்கிற ஒரு பெண்ணும் பேச வேண்டும். "ரூம் ரெடி பண்றது உன் பொறுப்பும்மா. இதுல சொதப்பினா, கன்ஃபர்மேஷனுக்கு நானும் உனக்காகப் பேச முடியாது" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மாடியில் ஸ்டோர் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. உள்ளே யூனிஃபார்ம் மூட்டைகள், பழைய திரைச்சீலை, நைந்துபோன கார்ப்பெட். ஃபேக்டரிக்காரியிடம் ஒரு ரூமைக் கொடுத்தால் என்ன செய்வாள்? வேண்டாததை எடு, துடை, அடுக்கு, லேபிள் ஒட்டு. தினமும் காலை மீட்டிங்கில் நாங்கள் ஓதுகிற மந்திரமே அதுதான். இரண்டே நாளில் ஒரு துணி மிச்சமில்லாமல் வெளியே கடத்தினேன். தரை டைல்ஸ் பளபளத்தது. கண்ணாடி மேஜை, இரண்டு நாற்காலி, பின்னால் கம்பெனி பேனர், அதற்குப் பின்னால் ஒரு நீல லைட். நாற்காலி போடுகிற இடத்தில் மஞ்சள் டேப்கூட ஒட்டினேன் என்றால் பாருங்களேன்.

லைனில் இருந்து பேச மூன்று பெண்களை அனுப்பியிருந்தார்கள். அதில் மண்ணூர்க்காரர் ஒருவர், என் வயதுதான் இருக்கும். "எங்க வூடு இங்கதான் மேடம் கீது" என்று ஆரம்பித்தார். போதும் என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். டி.வி.யில் போய் வூடு, கீது என்றா பேசுவது? சாத்தூர்க்காரி நான் ஏதோ ரொம்பச் சுத்தமாகப் பேசுகிற மாதிரி! திருத்தமாகப் பேசிய வேறொரு பெண்ணை டிக் அடித்தேன்.

பேட்டி அன்று காலை பத்து மணிக்கு சேனல்காரர்கள் வந்தார்கள். ஒலிப்பதிவு செய்கிறவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு முறை கை தட்டினார். முகம் சுருங்கிவிட்டது.

"மேடம், கிணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு. இதுல ஒரு இரைச்சல் வேற வருது."

ஏ.சி.யை நிறுத்தினோம். இரைச்சல் போகவில்லை. என் காதுக்கோ ஒன்றுமே கேட்கவில்லை. பதினொன்றரைக்கு பிளான்ட் ஹெட் ஏர்போர்ட் கிளம்ப வேண்டும். பக்கத்தில் ஏதாவது மிஷின் ஓடுகிறதா என்று லைன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பக்கம் மிஷினே இல்லம்மா. சத்தம்தானே பிரச்சனை? டெஸ்டிங்ல மோட்டார் சத்தம் கேக்கற நம்ம பொண்ணு ஒண்ணு கீது, அனுப்பறேன்."

வந்தவர் அதே மண்ணூர்க்காரர். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரோ வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், போன மாசம் யூனிஃபார்ம் வாங்க வந்தப்போ இந்த ரூம் கம்முனு இருந்துச்சே. மூட்டையெல்லாம் எங்க?"

பிறகு எங்களை அசையாமல் நிற்கச் சொல்லி சைகை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இதுக்கு அந்தாண்ட இன்னா கீது?"

அந்தப் பக்கம் டீ போடுகிற பேன்ட்ரி. ஓடிப்போய்ப் பார்த்தேன், தண்ணீர் கூலர் சுவரை ஒட்டி நின்றது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தால், ஒலிப்பதிவுக்காரர் முகத்தில் சிரிப்பு. ஆனால் மண்ணூர்க்காரர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொண்ணு கீது, சன்னமா" என்றபடி பேனருக்குப் பின்னால் கை காட்டினார். நான் ஆசை ஆசையாய் வைத்த நீல லைட். அதையும் அணைத்தேன். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி, அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் எதிரொலியை அடக்க, மேனேஜரில் இருந்து கேமராமேன் வரை ஆளுக்கொரு மூட்டையாகச் சுமந்தோம். கேமராவுக்குப் பின்னால் யூனிஃபார்ம் மூட்டைகள், மேஜைக்கு அடியில் கார்ப்பெட், ஜன்னலில் பழைய திரைச்சீலை. "இப்ப கேளுங்க" என்று ஹெட்ஃபோனை என் காதில் வைத்தார்கள். ஆறு மாதமாக மிஷின் சத்தத்திலேயே கிடந்தவள் நான். அந்த அமைதியில் என் மூச்சுக்காற்று எனக்கே கேட்டது. உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் இத்தனையையும் கேட்டிருக்கிறார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

பிளான்ட் ஹெட் பேசி முடித்து நேரத்துக்குக் கிளம்பினார். அதன் பிறகு நிருபர், "லைன்ல இருந்து பேசப்போறது இவங்கதானே?" என்று மண்ணூர்க்காரரைக் காட்டிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நான் டிக் அடித்த பெண்ணே முந்திக்கொண்டு, "அவங்களே பேசட்டும் மேடம், எனக்கு கைகாலெல்லாம் உதறுது" என்று சொல்லிவிட்டாள். மண்ணூர்க்காரரே உட்கார்ந்தார். கெட்ட மோட்டாரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள்.

"நல்ல மோட்டாரு ஒரே சீரா ஓடிகினே இருக்கும். கெட்டது நடுவுல மூச்சு வாங்கும். ஆனா ஒரு தபா கேட்டுட்டு ரெட் டேக் மாட்ட மாட்டேன். மூணு தபா கேப்பேன். நல்லா கீறத தூக்கிப் போட்டுட்டா பாவம் இல்லியா?"

கழித்துக்கட்டும் மோட்டாரில் நாங்கள் தொங்கவிடுகிற சிவப்பு அட்டைதான் ரெட் டேக். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. யூனிஃபார்ம் மூட்டைகள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கின்றன. அன்று ஏன் பாதியில் அனுப்பினீர்கள் என்று அவர் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு மோட்டாரைக்கூட மூன்று தடவை கேட்காமல் ஒதுக்காத மனுஷிக்கு நான் இரண்டே வார்த்தையில் ரெட் டேக் மாட்டினேன் என்பது, யாராவது என் முன்னால் வந்து பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் இன்றைக்கும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.