கிளாரினெட் மூச்சு வாங்கும் இடம்

அடையாறு டாக்டர் என் கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். உள்ளே மூன்று பந்துகள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். நிமோனியாவில் நொந்துபோன நுரையீரலுக்குப் பயிற்சியாம். முதல் பந்து ஏறுகிறது, இரண்டாவது யோசிக்கிறது, மூன்றாவது என்னைச் சட்டைகூடச் செய்வதில்லை. புது பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் மாம்பலத்து வாடகை அறையும், உறை பிரித்த புதுக் கீபோர்டும், செல்வினும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்போது வெளிநாட்டு சிம்பொனி இசைக்குழு ஒன்று சென்னைக்கு வருவதாக இருந்தது. உள்ளூர்க்காரர் எழுதிய ஒரு இசை உருப்படியையும் வாசிப்பார்களாம். குழுவிலுள்ள ஒவ்வொரு வாத்தியமும் தன் கைவரிசையைக் காட்டும்படி அது இருக்க வேண்டுமாம். என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஊறுகாய்க்கும் பனியனுக்கும் விளம்பர மெட்டுப் போட்டே நாற்பதைத் தொட்டவன் நான், தலைகால் புரியவில்லை. இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது என்பது மட்டும் புரிந்தது. கீபோர்டிலேயே எல்லா வாத்தியங்களையும் வாசித்து எழுதி முடித்தேன். கிளாரினெட்டுக்குத்தான் நீளமான மெட்டு.

செல்வின் என் கல்லூரித் தோழன். சாந்தோமில் பள்ளி ஆசிரியன், ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் கிளாரினெட் வாசிப்பவன். வாசித்துப் பார்க்கச் சொன்னேன். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, பாதியில் கருவியை மடியில் வைத்துவிட்டான்.

“மச்சி, டியூன் சோக்கா கீது. மூச்சு எங்க வுடுறது?”

தேடினேன். இடமே இல்லை. புல்லாங்குழலுக்கும் இல்லை, டிரம்பெட்டுக்கும் இல்லை. கீபோர்டுக்கு மூச்சு வாங்காதே, எனக்கு எப்படித் தோன்றும்? அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. ஒத்திகையில் சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள் என்று பயந்து செத்தேன்.

செல்வின் தினமும் பள்ளி விட்டதும் வந்தான். எங்கே மூச்சு முட்டியதோ அங்கே பென்சிலால் ஒரு கமா போடுவான். ஜன்னலுக்குக் கீழே ரங்கநாதன் தெரு. எது எடுத்தாலும் நூறு ரூபாய் என்று விடாமல் கத்தும் வியாபாரி எங்கே மூச்சு இழுக்கிறார் என்று கவனிக்கச் சொல்வான். நூறுக்கு அப்புறம்தான் இழுப்பார். அதன்பின் கொஞ்ச நாள் யார் பேசினாலும் விஷயத்தை விட்டுவிட்டு மூச்சையே கவனித்து, வீட்டில் திட்டு வாங்கினேன்.

அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். அந்த மாதமே கொரோனா ஊரடங்கு வந்தது. விமானங்கள் நின்றன, கச்சேரி போயிற்று. அடுத்த வருஷம் அதே நோயில் செல்வின் ஆஸ்பத்திரியில் படுத்தான். ஒரு தடவை போனில் பேசினான். வார்த்தைக்கு வார்த்தை நின்றான்.

“கமா நெறைய போட வேண்டிக்கீது, மச்சி.”

அவ்வளவுதான். பிறகு அவன் பேசவில்லை, வீடு திரும்பவும் இல்லை.

அந்த இசைக்குழு வரவே இல்லை. நானும் மற்ற இசைக்குழுக்களுக்கெல்லாம் எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். அந்த உருப்படியை இதுவரை மனிதர்கள் யாரும் முழுசாக வாசித்ததில்லை. இனி வாசிக்கப் போவதும் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடவிட்டுக் கேட்கிறேன். அவன் கமா போட்ட இடங்களில் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறேன். இரண்டாவது பந்துவரை ஏறுகிறது. மூன்றாவதுக்குச் செல்வின் வேண்டும்.