பட்டுப்போகாத கருமருது

தொண்டாமுத்தூரில் எங்களுக்கு அடுத்த தோட்டத்தில் மரங்களை விலைபேசி வெட்ட வந்தவர் அவர். வெள்ளை வேட்டி, வாய் நிறைய மரியாதை. எந்த மரத்தைக் கண்டாலும் கிளையை வளைத்து, கட்டைவிரல் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்ப்பார்.

பட்ட மரங்களை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டு, தோட்டத்துச் சொந்தக்காரர் கோவையிலேயே இருந்துகொண்டார். ஓடைக்கரை நீர்மருது சித்திரை வெயிலிலும் பச்சையாக நின்றது. மேட்டுக்காட்டில் அதன் பங்காளியான கருமருது ஓர் இலைகூட இல்லாமல் நின்றது. அதைத்தான் அவர் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"ஏனுங்க, உசுரோட இருக்குதுங்களே! மழை பேஞ்சாத் தழைஞ்சுக்குமுங்க" என்றேன்.

நகத்தை வேட்டியில் துடைத்தார். "தெரியுமுங்க. அது செத்தாப்புல நடிக்குது. நானும் நம்புனாப்புல நடிக்கறனுங்க."

மரத்தைப் படமெடுத்துத் தோட்டத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பினார். நான் போனில் அழைத்துத் தடுத்துப் பார்த்தேன். "படத்துல ஒரு இலைகூட இல்லீங்களே" என்று சொந்தக்காரர் போனை வைத்துவிட்டார்.

ரம்பம் பாதி இறங்கியதும் அடிமரத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. கோடையைக் கடக்க அந்த மரம் தனக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீர். அவர் குனிந்து கையும் முகமும் கழுவிக்கொண்டார். பிறகு எனக்கு இடம் விட்டு, பணிவாக விலகி நின்றார்.

"வாங்க, நீங்களும் மூஞ்சி கழுவிக்கோங்க. என்னா வெயிலுங்க இது!"