ஸ்பீக்கர் உச்சியில் அத்தான்

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடமாட்டார். தொழில் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதற்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டியும் பார்ப்பார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயரே பூட்டு. இப்பேர்ப்பட்ட மனிதர் விடுமுறை நாட்களில் டோப்பாவை மாட்டிக்கொண்டு, ஆளுயரத்துக்கும் மேலே அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து குதிப்பார் என்றால் யார் நம்புவார்கள்? முன்னாலேயே தெரிந்திருந்தால் அக்காவுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

எங்களுடையது நகல் குழு. அப்பா காலத்து ராக் குழு ஒன்றின் பாட்டுகளை அப்படியே, உடுப்பு உட்பட, மேடையில் வாசிப்போம். அந்த அசல் குழு கலைந்துபோய், அதன் பாடகரும் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குரல் மட்டும் எப்படியோ அத்தான் தொண்டையில் வந்து குடியேறிவிட்டது. லிஃப்ட் குழியில் நின்று பாடினால் மேல்மாடி வரை கேட்கும். குடியிருப்பவர்கள் முதலில் புகார் கொடுத்தார்கள், பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கிட்டார், அவர் தம்பி பேஸ் கிட்டார், நான் டிரம்ஸ். மச்சான் என்பதால் கிடைத்த இடம் என்று ஒரு பேச்சு உண்டு. பேசுகிறவர்கள் வந்து வாசித்துப் பார்க்கட்டும்.

அசல் பாடகர் கடைசிப் பாட்டின் நடுவில் ஸ்பீக்கர் மேல் ஏறி ஒரு தடவை குதித்தார். அதை யாரோ படம்பிடித்து வைத்துவிட்டார்கள். அதுதான் வினை. எங்கள் போஸ்டரிலும் அந்தக் குதிதான். பாட்டு மறந்தவர்களுக்கும் குதி ஞாபகம் இருக்கிறது. அதற்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டு. அத்தான் உச்சியில் நின்றதும் கிட்டார்கள் நின்றுவிடும். நான் சின்ன டிரம்மில் இரண்டு குச்சிகளாலும் இடைவெளி தெரியாமல் அடித்துக்கொண்டே போவேன். அதற்கு ரோல் என்று பெயர். ரோல் நின்று ஒரே ஒரு பெரிய அடி விழும். அந்த அடியில் அவர் குதிப்பார். இத்தனை வருஷத்தில் அதற்கு முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

அசல் ஆளுக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அத்தான் ஐம்பதைத் தாண்டியவர். போன தடவை குதித்தபின் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. சனம் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் விரிசல். இன்னொரு தடவை இப்படி விழுந்தால் இடுப்புக்குக் கீழே எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பல மாதம் படுக்கை. எழுந்து நடந்ததும் முதல் வேலையாக நிகழ்ச்சிக்கு ஒத்துக்கொண்டார். குதிக்கமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியமும் செய்தார்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் போகும்போது இரண்டு பெட்டிகள்தான் இருந்தன. தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் நாலாகிவிட்டது. கேட்டதற்கு, சும்மா பார்வைக்கு என்றார் அத்தான். பொய் சொல்லும்போது அவர் கழுத்தைச் சொறிவார். அன்றைக்குத் தோல் உரியும் அளவுக்குச் சொறிந்தார். கிட்டார்காரரிடம் சொன்னேன். அவர், டிக்கெட் வாங்கியவர்கள் சும்மா விடுவார்களா என்றார். எனக்கு வந்த கோபத்தில் குச்சியால் அவர் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன்.

அக்கா மேடைக்குப் பின்னால் வந்து அந்த நாலு பெட்டியையும் பார்த்தாள். அவரைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த ரோலை நீ வாசிக்காத."

"அது இல்லாம பாட்டு முடியாதுக்கா."

"முடியாட்டி போகட்டும். அவர் கால் ரெண்டும் போனா நீயா தூக்கிட்டு நடப்ப?"

வாசிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கடைசிப் பாட்டில் அத்தான் ஏறினார். நின்றார். கிட்டார்கள் நின்றன. என் கை அது பாட்டுக்கு ரோலைத் தொடங்கிவிட்டது. பழக்கதோஷம் என்று சொல்லலாம், புத்திகெட்டதனம் என்றும் சொல்லலாம். தொடங்கிய பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. இனி அடித்தாலும் குதிப்பார்; அடிக்காமல் சும்மா நிறுத்தினாலும் அதையே அடியாக எடுத்துக்கொண்டு குதிப்பார். நிறுத்தாமல் இருப்பது ஒன்றுதான் வழி.

நிறுத்தவில்லை.

முதலில் சனம் சேர்ந்து கைதட்டியது. பிறகு கைதட்டல் ஓய்ந்தது. கிட்டார்காரர் திரும்பி என்னை முறைத்தார். முழங்கையில் தொடங்கிய வலி தோள் வரை ஏறியது. முன்வரிசையில் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ குதிடா கிழவா என்று கத்த, நாலு பேர் சிரித்தார்கள். அத்தான் முகம் சுருங்கிப்போனது. என் பக்கம் திரும்பி, முடி என்று கண்ணால் சொன்னார். நான் தலையாட்டி மறுத்தேன். மறுபடியும் சொன்னார். மறுபடியும் மறுத்தேன். இடது கை மரத்துப்போய், குச்சி இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. சத்தம் கேட்டதை வைத்துத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்குமேல் கை தானாகவே நின்றுவிடும், அவர் குதித்துவிடுவார். எனக்கு அழுகை வந்தது.

அப்போது பார்த்தேன். அவருடைய பேன்ட் முழங்கால் பக்கத்தில் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த மண்டபத்தில் காற்றே கிடையாது.

அத்தான் மெதுவாகச் சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். குனிந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்தார். ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவினார். ஒவ்வொரு பெட்டியாக இறங்கினார். டோப்பா சரிந்து ஒரு காதை மூடியது. சிலர் ஊளையிட்டார்கள், சிலர் எழுந்து போனார்கள். இரண்டு காலும் தரையில் பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்தப் பெரிய அடியை அடித்தேன்.

என் விரல்கள் குச்சியை விடவில்லை, அப்படியே மடங்கி இறுகிவிட்டன. திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அத்தான் என் முன்னால் வந்து மண்டியிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிரித்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"மேல நின்னா எனக்கு எப்பவுமே பயந்தான் மச்சான். நீ அடிச்சிடுவியேன்னுதான் ஒவ்வொரு தடவையும் குதிச்சேன்."