பெருநாள் இறைச்சியும் என் ஊசி மருந்தும்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து மூன்று வாரம் இருக்கும். மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் விற்கும் என் கடையின் பின்னறையில் தனியாக அஸர் என்னும் மாலைத் தொழுகையைத் தொழுதுகொண்டிருந்தேன். நான்கு ரக்அத்தில், அதாவது நான்கு சுற்றில், நிற்பது இரண்டாவதா மூன்றாவதா என்று குழம்பியது. அதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் வருவதுதான், மறதிக்கென்றே கடைசியில் நெற்றியைத் தரையில் வைக்கும் ஒரு சுஜூது இருக்கிறது. இரண்டாவது என்றே வைத்துக்கொண்டு ஓதினேன். ஏழு வயதில் மனப்பாடம் செய்த குர்ஆனின் சின்ன சூரா பாதியில் நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தேன். அதே இடத்தில் நின்றது. ஐம்பத்து நான்கு வருடமாக நாக்கில் இருந்தது எங்கே போயிற்று?

தொழுகையை எப்படியோ முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கல்லாவில் வந்து உட்கார்ந்தேன். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு இருப்பதுபோல என் அண்ணனுக்கும் சர்க்கரை நோய் இருந்தது. கடைசி இரண்டு வருடம், பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் "நீங்க யாரு, சாப்பிட்டீங்களா" என்று மரியாதையாகக் கேட்பார். தம்பி நான், என்னிடமும் அப்படித்தான் கேட்டார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. பேசாமல் திட்டியிருக்கலாம்.

அதற்கடுத்த வாரம் கடைக்குக் கவர் வாங்க பிராட்வே கடைத்தெருவுக்குப் போனவன், சம்பந்தமே இல்லாமல் கலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். எந்தப் பஸ்ஸில் ஏறினேன், ஏன் ஏறினேன், ஒன்றும் தெரியவில்லை. தொண்டை வறண்டு கிடந்தது. ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, போன் பண்ணி என் மனைவியிடம், "நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, வீட்டுக்கு வாங்க. சாயா போட்டு வைக்கிறேன்" என்றாள்.

மறுநாளே என்னைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். காக்கநாட்டில் வேலை பார்க்கும் எங்கள் மகளும் லீவு போட்டு வந்தாள். டாக்டர் அம்மா விரலில் குத்திப் பார்த்தார். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். வீட்டில் சர்க்கரையை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன். தினமும் இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறேனே, அப்புறம் எதற்கு விரலையும் குத்துவது என்பது என் கட்சி. உண்மையைச் சொன்னால், அந்த எண்ணைப் பார்க்க எனக்குப் பயம்.

"அத்தாவுக்கு மறதி ரொம்ப வருது டாக்டர். அதுவும் சர்க்கரையாலயா?" என்று மகள் கேட்டாள். டாக்டர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். இன்சுலின் ரத்தத்துச் சர்க்கரையை உடம்புக்குள் அனுப்புவதற்கு மட்டும் இல்லையாம். மூளைக்கும் அது போகிறது. அங்கே உள்ள நரம்பு செல்களின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. ஒரு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை, நடுவில் ஒரு சின்ன இடைவெளி. சேதி அதைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்சுலின் வந்து தொட்டால் செல்லுக்குள் ஒன்று இன்னொன்றைத் தட்டி எழுப்பி, சேதியை வாங்கும் உறுப்புகள் அந்த இடைவெளியின் ஓரத்துக்குக் கூடுதலாக வந்து நிற்கும். அப்படிப் பலப்படும் இணைப்புகளில்தான் நம் ஞாபகம் இருக்கிறது. செல்லுக்கு இன்சுலின் சொல்வது கேட்காமல் போனால் இணைப்பு தளர்ந்துபோகும்.

எங்கள் சந்து எனக்கு ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு ஜன்னலும் எங்கள் ஜன்னலும் கை எட்டும் தூரம். கறிக்கிண்ணம் தினமும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போகும். ஒரு பக்கத்தில் கை நீட்ட ஆள் இல்லாவிட்டால் கிண்ணம் கீழே விழ வேண்டியதுதான்.

"அப்ப எனக்கு வந்தது என் அண்ணனுக்கு வந்ததா?" என்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. சர்க்கரை இவ்வளவு ஏறினாலே புத்தி மந்தமாகும், அது இறங்கட்டும், பிறகு பார்ப்போம், இதில் இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன என்றார் டாக்டர். பிறகு, "மருந்தைக் காட்டுங்க" என்றார்.

மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயை உள்ளங்கையில் உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே சீராகப் பால் போல இருக்க வேண்டியது, உள்ளே குருணை குருணையாகத் திரிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதை ஃப்ரீசரில் வைத்தீர்களா?" என்று கேட்டார். உறைந்த மருந்து, இளகினாலும் வேலை செய்யாதாம். ஒரு மாதமாக நான் வெறும் தண்ணீரைத்தான் குத்திக்கொண்டிருந்தேன் போல.

மனைவி தலையைக் குனிந்தாள். "பெருநாள் அன்னிக்கு நான்தான் வச்சேன். இடமில்ல" என்றாள்.

இடமில்லை என்பது உண்மைதான். சந்திலேயே பெரிய ஃப்ரிட்ஜ் எங்களுடையது. பெருநாளுக்கு அறுத்த குர்பானி இறைச்சியில் எங்கள் பங்கு, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு, ஏழைகளுக்கான பங்கு, அது போதாதென்று அக்கம்பக்கத்துப் பொதிகள் என்று எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். முட்டை வைக்கும் இடத்தில்கூட இறைச்சிதான் இருக்கும். ஆனாலும் எனக்கு வந்ததே கோபம். ஆட்டோவில் வரும் வழியெல்லாம் திட்டினேன். "புருஷன் பைத்தியமானாலும் பரவாயில்ல, கறி கெடக் கூடாது, அப்படித்தானே" என்றேன். மகள், "அத்தா, போதும்" என்றாள். அவளையும் திட்டினேன். மனைவி மருந்துப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கோபத்துக்கு அடியில் எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது. அண்ணனுக்கு வந்தது எனக்கு வரவில்லை, கறியும் ஃப்ரீசரும் சேர்ந்து செய்த வேலை. புது மருந்து போட்ட பத்தாம் நாள் அந்தச் சூரா முழுதாக வந்தது. கடையில் உட்கார்ந்து வேண்டுமென்றே நான்கு தடவை ஓதிப் பார்த்தேன். வீட்டுக்குப் போகும்போது அவளுக்குப் பிடித்த நேந்திரங்காய் வறுவல் வாங்கினேன். மன்னிப்பு கேட்கவில்லை, வறுவல் மட்டும் கொடுத்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கரண்டு இல்லை. ஃப்ரீசரில் ஐஸ் இளகித் தண்ணீர் தரையில் ஓடியது. மனைவி குளித்துக்கொண்டிருந்ததால் நானே துணியை எடுத்துத் துடைக்கப் போனேன். பின்சுவரில் பாளமாகப் பிடித்திருந்த ஐஸ் கழன்று வந்தது. அதோடு டேப் ஒட்டிய ஒரு சீட்டும் வந்தது. மிளகு கட்டும் எங்கள் கடைக் காகிதம். பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தது.

"மருந்து. யாரும் தொடாதீங்க."

தமிழில் இருந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவோம். எழுதுவது நான் ஒருவன்தான். தமிழ்நாட்டில் கம்பம் ஊரில் பள்ளிக்கூடம் போனவன் நான். அவளும் மகளும் இங்கே படித்தவர்கள், அவர்களுக்கு மலையாள எழுத்துதான். என் 'ம'வின் கடைசிச் சுழி மேலே ஏறி நிற்கும். இதிலும் ஏறி நின்றது.

அந்தச் சீட்டை நான் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பேனா எடுத்தது, டேப் ஒட்டியது, ஃப்ரீசர் கதவைத் திறந்தது, எதுவும் இல்லை. கண்ணை மூடி எவ்வளவு தேடினாலும் அந்தக் காலையில் பெருநாள் தொழுகை இருக்கிறது, புதுச்சட்டை இருக்கிறது, இது மட்டும் இல்லை.

அவள் ஈரத்தலையோடு வந்து நின்றாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"நான்தான் வச்சேனா?" என்று கேட்டேன்.

"ம்."

"உனக்குத் தெரியுமா?"

"நான்தானே டேப் எடுத்துத் தந்தேன். கூடுதல் குளிர்ல இருந்தா இன்னும் நல்லதுன்னு சொன்னீங்க. எனக்கும் விவரம் தெரியாது, சரின்னு விட்டேன். சாயங்காலம் இடம் கிடைச்சதும் நான்தான் மருந்த மட்டும் கீழ எடுத்து வச்சேன்."

"டாக்டர்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே?"

"அவங்க கேட்டப்ப உங்க மொகத்தப் பார்த்தேன். உங்களுக்குத் துளிகூட ஓர்மை இல்ல. அத அங்க வச்சு எப்படிச் சொல்றது? பயந்துடுவீங்கன்னு..." என்றவள் நிறுத்திவிட்டு, "எனக்கே பயமா இருந்துச்சு" என்றாள்.

ஆட்டோவில் நான் திட்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அது மட்டும் ஒரு எழுத்து விடாமல் வந்தது. மனது வெட்கத்தில் கூசிப்போனது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. பெருநாள் காலையில் என் மருந்து நன்றாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய நாள்வரை நல்ல மருந்தைத்தான் போட்டிருந்தேன். கெட்டுப்போன மருந்து பிறகு வந்தது. மறதி அதற்கு முன்பே வந்திருக்கிறது.

"பெருநாள் அவசரம். ஆயிரம் வேலை. யாருக்கும் மறக்கும்" என்றாள். இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சீட்டைக் காயவைத்து அதன் பின்பக்கம், 'இதை வைத்தது நான். எனக்கு நினைவில்லை. டாக்டரிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

படித்தேன். அவள் என் பேனாவை வாங்கி, ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் அதையே மலையாளத்தில் எழுதிக்கொண்டாள்.